உயிரோடு ஏழு

சபைனா டர்க்கன் கப்பலேறிவிட்டாள் என்றுதான்
எங்கள் வீட்டில் பேச்சு.
எந்தக் கப்பல் என்று கேட்டால்
கணப்பில் இன்னொரு கட்டி போட எழுந்துவிடுவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்றின் கணக்கெடுப்பில் இருக்கிறாள்:
மகள், பதினான்கு, எழுதப் படிக்கத் தெரியும்,
ஐரிஷும் ஆங்கிலமும்.
அவளுக்கு மேலே அப்பா மார்ட்டின், ஐம்பத்தைந்து.
பதினொன்றில் அதே மார்ட்டினுக்கு எழுபத்தொன்று.
எழுபதைத் தாண்டினால் பென்ஷன், வாரம் ஐந்து ஷில்லிங்.
மேயோவில் பாதிப் பேருக்கு
அந்தப் பத்து வருடம் அப்படித்தான் ஓடியது.
இரண்டாவது தாளில் சபைனா இல்லை.
பிறந்த பிள்ளைகள் ஒன்பது. உயிரோடு ஏழு.

ஏழு பேரையும் எண்ணிப் பார்க்கக் கிளம்பினேன்.
வீட்டில் மூவர்.
பென்சில்வேனியாவில் நிலக்கரிக்குள் இருவர்.
லிவர்பூலில் ரொட்டிக்கடைக்காரனைக் கட்டிக்கொண்ட ஹொனோரியா.
ஆறு.

கப்பல் பட்டியல்களில் கண் போயிற்று.
குழாயில் எச்சில் துப்பி அனுப்பினேன்;
நானூற்றுப் பன்னிரண்டு தூரத்துச் சொந்தம் வந்து சேர்ந்தது,
ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.
ஸ்க்ரான்டனில் ஒரு சபைனா டர்க்கன் கிடைத்தாள்,
ஓய்வுபெற்ற டீச்சர். அவர்கள் வேறு டர்க்கன், ஸ்லைகோ பக்கம்.
தப்பான ஆள் என்று இருவருக்கும் தெரிந்த பிறகும்
கிறிஸ்துமஸ் வாழ்த்து மட்டும் நிற்கவில்லை.

பிப்ரவரியில் ஓர் இரவு,
வேறு யாரையோ தேடப் போய்,
ஜில்லா மனநோய் விடுதியின் தாளைத் திறந்தேன்.
அங்கே பெயர் எழுதமாட்டார்கள்,
குடும்ப மானம்.
எழுநூறு பேர், ஆயிரத்து நானூறு எழுத்து.
எஸ். டி., பெண், இருபத்து நான்கு, மணமாகாதவள்,
விவசாயியின் மகள், எழுதப் படிக்கத் தெரியும்,
பிறந்தது மேயோ.
ஊர் பேர் தெரியாதவள் என்போமே,
இவளுக்கு ஊர் இருந்தது.

சாரா டெவானியாகவும் இருக்கலாம்.
சூசன் டோஹர்ட்டியாகவும்.
எனக்கும் தெரியும்.

ஆனால் அவள் தம்பி ஒருவர், பெயர் தேடி,
என் அம்மாவின் அப்பா.
மாதத்தில் ஒரு வியாழன் சைக்கிளில் பதினெட்டு மைல் போவார்,
டவுனில் முட்டை விற்க.
அந்த வீட்டில் கோழி வளர்த்ததே இல்லை.
சட்டைப் பையில் பெப்பர்மின்ட் பொட்டலம் போகும், திரும்பாது.
இனிப்பு அவருக்கு ஆகாது.
இதையெல்லாம் அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள்,
நானும் சிரித்திருக்கிறேன்.

இருபத்தாறு வருடமாக
பாலினாவிலிருந்து வெஸ்ட்போர்ட்டுக்கு பஸ் ஓட்டுகிறேன்.
அந்த மதில் என் இடப்பக்கம் வரும்.
இப்போது அது கல்லூரி.
ஈர சாக்ஸோடு பிள்ளைகள் ஏறுவார்கள்.
அங்கே மட்டும் நாலடி முன்தள்ளி நிறுத்துவேன்,
பள்ளத்தில் தண்ணீர் தேங்கும் என்பதால்.
அந்த இடத்தைப் பற்றி எனக்கிருந்த எண்ணம்
அவ்வளவுதான்.

மார்ட்டினை நினைக்கிறேன்.
கணக்கெடுக்க வந்த போலீஸ்காரர்
சமையலறை மேஜையில் பேனாவை மையில் தொட்டுக் காத்திருக்கிறார்.
மகள் அமெரிக்காவில் என்று ஊருக்கே சொன்னவர்,
தன் வயதைக் கூசாமல் கூட்டிச் சொன்னவர்,
எத்தனை உயிரோடு என்று கேட்டபோது
ஆறு என்று சொல்லவில்லை.

இறப்புச் சான்று கேட்கும் படிவத்தை நிரப்பிவிட்டேன்.
ஓட்டுநர் இருக்கைக்கு மேலே செருகி வைத்திருக்கிறேன்,
வெயில் மறைக்கும் தட்டியில்.
வெயில் வந்தால் கண்ணில் படும்.
மேயோவில் அதற்கு நாளாகும்.

ஸ்க்ரான்டனுக்கும் இன்னும் எழுதவில்லை.
நேற்று இந்த வருட வாழ்த்து வந்தது:
பனியில் ஒரு சிவப்புப் பறவை,
உள்ளே ஒரே வரி, "கிடைத்தாளா?"
கீழே, வழக்கம்போல் அவசரமாக,
எஸ். டி.